காலையில் மிசினுக்குப் படுத்தவன்

நான் ஐந்தாவது வரை படித்தவன். கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். மாடிக்கு லிஃப்ட் கிடையாது. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கி ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. தினமும் காலையில் இ.சி.ஜி. மிசினுக்குப் படுப்பது.

மிசின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நல்ல உடம்புக்காரன் ஒருவன் வேண்டும். அது நான். சட்டையைக் கழற்றிப் படுப்பேன். கேரளத்து நர்சம்மா கை கால்களில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்துவாள். ஊசி தாளில் கோடு போடும். அந்தத் துண்டைத் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டுவோம். பெயர் எழுதுவதில்லை. அது மிசினின் நோட்டு.

ஒரு மாசி மாதம் கோட்டில் இடைவெளி விழுந்தது. கோபுரம் கோபுரமாகப் போகிற கோடு. நடுவே ஒரு கோபுரத்தைக் காணோம். போகப் போக அடிக்கடி காணோம். பகலில் வரும் நோயாளிகளுக்கு மட்டும் ஒழுங்காகப் போட்டது.

முதலாளி டாக்டர் பிரசவத்தில் கெட்டிக்காரர். இருதய விஷயம் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. துண்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காலையில வோல்டேஜ் கம்மிப்பா. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுற நேரம். அதான் மிசினு தடுமாறுது."

ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தார்கள். இடைவெளி போகவில்லை. மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தான். தானே படுத்துப் பார்த்துவிட்டு, மிசினில் ஒரு கோளாறும் இல்லை என்றான்.

"மத்தியானம் வந்து பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் முதலாளி. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

அந்த நாட்களில் படி ஏறும்போது எனக்குக் கண் இருட்டும். வெறும் வயிறு என்று நினைத்துக்கொள்வேன்.

நெஞ்சு வலி என்றால் ஏலக்காய் வியாபாரிகள் நேராக மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்த முதலாளி பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். இருதய டாக்டர் வேண்டும், தற்காலிகம். ஒருவர் எழுதிப் போட்டார். வளைகுடாவில் வேலை கிடைத்து விசாவுக்குக் காத்திருந்தவர். எத்தனை நாள் வீட்டில் சும்மா இருப்பது என்று மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். விசா வந்தால் பத்து நாள் முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் போனேன். முப்பது வயதிருக்கும் அவருக்கு. இரண்டு பெட்டி. இரண்டையும் நான் தூக்கினேன். பாதி வழியில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை மிசின் நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார்.

"காலையில மட்டும் மிசினு விட்டு விட்டு ஓடுது சார்" என்றேன்.

"படுக்கிறது யாரு?"

"நாந்தான் சார்."

"தினமும் நீங்களா?"

நர்சம்மா சிரித்தாள். "எப்பவும் சேட்டன்தான் சார். மிசினுக்குச் சேட்டனை ரொம்ப இஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அவரே படுத்தார். அதே மிசின், அதே நேரம். வெளியே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கோடு ஒழுங்காகப் போனது. ஒரு கோபுரம்கூட விடவில்லை. நர்சம்மா என்னைப் பார்க்காமல் பட்டையை அவிழ்த்தாள்.

"கண்ணு இருட்டுதா?" என்றார் என்னிடம்.

"எப்பவாவது."

"விழுந்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

விழுந்திருந்தேன். பம்ப்செட்டில், ஒரு தடவை. வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. துடிப்பு வழியில் நிற்கிறது, ஒரு நாள் நின்றது நின்றபடியே இருந்துவிடும் என்றார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் பாட்டரி வைக்கிறார்கள், போக வேண்டும் என்றார்.

"மொதலாளிகிட்டச் சொல்லிறாதீக சார். ஸ்ட்ரெச்சர் தூக்க முடியாதவனுக்கு இங்கன என்ன வேலை?"

"நான் சொல்லல. நீங்க சொல்லணும். அதுவரைக்கும் ஸ்ட்ரெச்சரைத் தொடாதீங்க."

தொட்டேன். தொடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

காலையில் வழக்கம்போலப் படுத்தேன். அவர் துண்டை அளந்து பார்ப்பார். நான்கு கோபுரத்துக்கு ஒன்று விட்டது. பிறகு மூன்றுக்கு ஒன்று. நானும் எண்ணக் கற்றுக்கொண்டேன். அனுமந்தன்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். விட்ட இடம் வந்ததும் மூச்சைப் பிடிப்பேன்.

வீட்டிலும் அதே பழக்கம் வந்தது.

"நாடி பாக்கக் கத்துக்கிட்டீகளோ?" என்றாள் மனைவி. "ஊருக்கு இன்னொரு வைத்தியரு."

சும்மா என்றேன்.

இரண்டாம் மாதம் அவருக்குத் தந்தி வந்தது. விசா வந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் பத்து நாள்தான். அப்புறம் இந்தத் தாளைப் பாக்க ஆள் இல்ல. அடுத்து வர்றவங்களும் கரண்டுன்னு சொல்லுவாங்க."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எட்டு நாள் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் எஸ்டேட் கங்காணி ஒருவரை மாடிக்கு ஏற்றினோம். கனத்த ஆள். படி திரும்புகிற இடத்தில் எனக்கு எல்லாம் இருண்டது.

"ஏலே, புடி. புடிடா" என்று முன்னால் தூக்கியவன் சொன்னது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

கண் திறந்தபோது படியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ட்ரெச்சர் சுவரில் சாய்ந்து நின்றது. கங்காணி இரண்டு கையாலும் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். விழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பார்த்தார். அந்தப் பார்வையோடு என்னால் வேலை செய்ய முடியாது.

அவரை மேலே சேர்த்த பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நாந்தானப்பா கரண்டுன்னு சொன்னேன்" என்றார். பிறகு, "போயிட்டு வா. ஸ்ட்ரெச்சருக்கு வேற ஆளு போட்டுக்கிறேன்."

வந்த பிறகு எனக்கு என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "பம்ப்செட்டுல வழுக்குனதாச் சொன்னீக."

மெட்ராஸ் போவதற்காக, டாக்டர் கிளம்பிய மதுரை பஸ்ஸிலேயே நானும் மனைவியும் ஏறினோம். அவருடைய இரண்டு பெட்டியையும் என் மஞ்சள் பையையும் அவரே தூக்கினார். நான் கை வீசிப் பின்னால் நடந்தேன்.

கண்டக்டருக்கு எங்கள் இருவரையும் தெரியும். "என்னண்ணே, இன்னைக்கு நீங்க டாக்டரா?" என்றான். நான் சிரித்தேன். டாக்டர் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

மனைவி முன் சீட்டில் பெண்களோடு உட்கார்ந்தாள். நான் அவர் பக்கத்தில். சின்னமனூர் தாண்டியதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். தேனியில் டீ குடிக்க இறங்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் வளைந்து ஏறியது. அவர் விரல் இறுகியது. முன் சீட்டில் மனைவி திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.

அடுத்த துடிப்பு வந்தது. விரல் தளர்ந்தது.