அராவி அடித்த நம்பர்

பெயின்ற் உரிக்கும் மருந்தின் மணம் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊரை விட்டு வந்து, மோர்னிங்சைட்டில் அப்போது நாங்கள் இருந்த வீட்டின் பேஸ்மென்ற்... சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டு, மேசையில் பழைய பெட்ஷீற்றை விரித்து, அதன் மேல் ஒரு வேட்டைத் துவக்கைக் கிடத்திச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இது நடந்து பதினைந்து வருடம் இருக்கும்.

நான் ஒரு மெஷின் ஷொப்பில் இரும்பு கடைகிற லேத் வேலை. கூட வேலை செய்த டேவ், மான் வேட்டைக்குப் போகிறவன். அவனுடைய கதைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்து, கோர்ஸ் செய்து, லைசன்ஸும் எடுத்துவிட்டேன். துவக்கு அவனுக்குத் தெரிந்த ஒருவரிடம் செக்கன்ட்ஹாண்டாக வாங்கியது. இரண்டாம் உலக யுத்தகாலத்துத் திரீ-நொட்-திரீ ரைஃபிள். ராணுவம் கழித்து விற்ற சாமான்.

அதை யாரோ 'அழகாக்கி' இருந்தார்கள். முன்பக்கத்து மரத்தை வாளால் அறுத்து, அறுத்த இடத்துக்கு அரம்கூடப் போடாமல் விட்டு, முழுவதற்கும் தடிப்பாகக் கறுப்புப் பெயின்ற் அடித்து... ஸ்கோப் பூட்டத் துளைத்த துளைகளும் ஒன்றுக்கொன்று கோணல். லேத்தில் நிற்கிறவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் மனைவி சுமதியிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு ஃபக்டரியில் அவள் குவாலிற்றி இன்ஸ்பெக்டர். "பூட்டி வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள். பூட்டித்தான் வைத்தேன். அவளுக்குச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாஷிங் மெஷினும் பேஸ்மென்ற்றில்தான் இருந்தது. துவக்கு வந்த பிறகு அவள் கீழே இறங்கவில்லை. உடுப்புகளைக் கூடையில் போட்டு, ரூஜ் பக்கத்தில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தோய்த்து வந்தாள். மூன்று கிழமை. தங்கச்சியைப் பார்க்கப் போகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். பெயின்ற் உரிந்து இரும்பு தெரியத் தொடங்கியிருந்தது. அடுத்த சனிக்கிழமை டேவோடு, துவக்குச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. வெறும் துவக்குத்தான்... தோட்டா ஏற்றுகிற போல்ட்டுக்கு எண்ணெய் போட்டு, சடக்கென்று ஒருதரம் இழுத்துத் தள்ளினேன்.

மேலே ஏதோ விழுந்து உடைந்தது.

ஓடிப் போனேன். உடைந்த சட்டியோடு நிலமெல்லாம் சொதி. சுமதி ஃபிரிட்ஜில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. இரண்டு கையும் காதுக்குக் கிட்டப் போய், காதைப் பொத்தாமல், அப்படியே நின்றன.

நிலத்தைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். ஊரில் சுற்றிவளைப்பு நடந்த ஒரு காலையில் ஆமிக்காரர் வந்து, அவளுடைய அப்பாவை முற்றத்தில் முழங்காலில் இருத்தி, ஒருவன் அவருடைய காதடியில் துவக்கை வைத்து இப்படித்தான் இழுத்தானாம். சுடவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா அதற்குப் பிறகும் கனகாலம் இருந்தார். ஆனால் அந்தச் சத்தம்...

கலியாணம் கட்டி ஒன்பது வருடம். அன்றுதான் இதை முதல்முதலாகக் கேட்கிறேன்.

நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"முதல்ல எனக்குக் காட்டுங்கோ. அது என்னெண்டு நான் பாக்கவேணும்."

கைப்பிடியை விடாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். உள்ளே ரவை, தோட்டா ஒன்றும் இல்லை என்று திறந்து காட்டினேன். பகுதி பகுதியாகக் கழற்றச் சொன்னாள். வேலைக்குக் கொண்டுபோகிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, லைட்டைக் கிட்ட இழுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.  

அரை மணித்தியாலம் போயிருக்கும். போல்ட்டையும் துவக்கின் உடம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது ரண்டும் சோடியில்லை. போல்ட்டில இருந்த நம்பரை ஆரோ அரத்தால அராவிப்போட்டு, மேல இந்த நம்பரை அடிச்சிருக்கினம். பழைய நம்பரின்ர வால் தெரியுது, பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மூன்று கிழமையாக அதையே தடவிக்கொண்டிருந்தவன் நான். என் கண்ணில் கோணல் மட்டும்தான் பட்டது.

ரேஞ்சுக்குப் போகவில்லை. ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கும் வடக்கே, துவக்குத் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனோம். சுமதியும் வந்தாள். அவர் ஒரு சின்ன அளவுக்கட்டையை உள்ளே வைத்துப் போல்ட்டைத் தள்ளினார். கட்டை உள்ளே இருந்தால் போல்ட் மூடக்கூடாதாம். மூடியது. இதை யாராவது சுட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். போல்ட் வேறொரு துவக்கினுடையது, இடைவெளி அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, ரவையின் கோது பின்பக்கமாக வெடித்தால் சுடுகிறவனின் கண்ணுக்குத்தான் வரும் என்றார். காலநிலை சொல்வது போலச் சொன்னார்.

வெளியே வந்து கார்ச் சாவியை அவளிடம் கொடுத்தேன். சுமதிதான் கார் ஓட்டினாள்.  ஹைவேயில் ஏறிய பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பாவை முழங்காலில இருத்தின அண்டைக்கு எனக்குப் பதினொரு வயசு. பாத்துக்கொண்டு நிக்க மட்டும்தான் ஏலுமா இருந்தது."

சரியான போல்ட் கிடைத்துப் பொருந்த ஒரு குளிர்காலம் முழுவதும் போனது. நான் மரத்தைத் தேய்த்து எண்ணெய் பூசினேன். அவள் பக்கத்தில் நின்று உடுப்புத் தோய்த்தாள். சத்தம் வரப்போகிற வேலை என்றால் முதலே சொல்லிவிடுவேன். "ம்" என்பாள்.

பனி கரைந்த பிறகு டேவையும் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனோம். திருத்தியவர் தானே சுட்டுப் பார்த்துத்தான் தந்திருந்தார். இருந்தும் கன்னத்தை மரத்தில் வைக்குமுன் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். காதுமூடி போட்டுக்கொண்டு சுமதி பின்னால் நின்றாள். மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினேன்... தோளில் ஒரு இடி. அவ்வளவுதான்.

போல்ட்டை இழுத்ததும் கீழே விழுந்த வெற்றுக் கோதை அவள் எடுத்தாள். சுடச்சுடக் கை மாற்றி மாற்றி, பூதக்கண்ணாடியை வைத்துச் சுற்றிவரப் பார்த்தாள்.

"ஓம், வெடிப்பொண்டும் இல்லை. இனி அடியுங்கோ."

டேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் துவக்கு எட்டு வருடம் என்னோடு காட்டுக்கு வந்தது. முழங்கால் நோகத் தொடங்கியதும், லைசன்ஸ் வைத்திருந்த டேவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

கலியாணம் கட்டிய அந்த நாட்களில் நான் பகல் ஷிப்ட், அவள் பின்னேர ஷிப்ட். ஒருவர் வர மற்றவர் போவோம். எங்களுடைய ஆட்கள் எல்லாருமே அப்படித்தான்... என்ன வேலை, எங்கே வீடு என்று கேட்போம். ஊரில் என்ன நடந்தது என்று கேட்கமாட்டோம். கட்டிய மனிசியிடமும் கேட்கவில்லை.

இப்போது ஷிப்ட் இல்லை, நேரம் இருக்கிறது. பின்னேரங்களில் இரண்டு பேரும் ஒரே சோபாவில்தான். நான் கேட்கிறேன். சில நாள் சொல்லுவாள். சில நாள் "பிறகு சொல்லுறன்" என்று எழும்பித் தேத்தண்ணி போடப் போவாள்.

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருப்பேன்.