தோல் உறை போட்ட ஹெட்போன்

ரெக்சினைப் போல அருவருப்பான பொருள் உலகத்தில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த எவனும் அப்படித்தான் சொல்வான். தோல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வரும்; இரண்டு கோடை தாங்காது. எண்பதுகளின் நடுவில் அந்தக் கருமத்தை நானே காசு கொடுத்து வாங்கி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன்.

பதனிட்டு முடித்த தோல்களை மேஜையில் விரித்து, தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது என் வேலை. நாள் முழுக்க, தோலைப் போட்டுப் புரட்டும் மர டிரம் உருளும் சத்தம். முடி உதிர தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஒரு பக்கம் நாறும், தோலை மிருதுவாக்க ஊற்றும் மீன் எண்ணெய் இன்னொரு பக்கம் நாறும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சோப்பை முக்கால்வாசி கரைத்துக் குளித்து, சலவை பனியனோடு ஆம்ப்ளிஃபையர் முன்னால் உட்காருவேன். பாகம் பாகமாக வாங்கி நானே சேர்த்துப் பற்றவைத்த ஆம்ப்ளிஃபையர் அது. அந்த ஒரு மணி நேரத்தில் தொழிற்சாலை என் பக்கத்தில் வரக்கூடாது. அதற்காகத்தான் அந்தப் பகல் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஸ்பீக்கரில் கேட்க வழியில்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடியிருந்தார். வீணை கொஞ்சம் எழும்பினால் போதும், சுவரைத் தட்டுவார். ஆகவே ஹெட்போன்தான் கதி. முதலில் வாங்கியதன் பஞ்சு, ஆம்பூர் வெயிலில் தூளாகிக் காதுக்குள் கொட்டியது. அடுத்தது தலையில் மாட்டும்போதே நடுவில் முறிந்தது. இரண்டிலும் சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரிதான் இருந்தது, அதனால் அழவில்லை.

மூன்றாவதை ஏமாறாமல் வாங்கியே தீருவது என்று என் கேசட்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஒரு சந்துக் கடையில், கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் வளைத்தேன், முறுக்கினேன், காது மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தி மடித்துப் பார்த்தேன்.

"சார், இது இன்னா செருப்பா? இந்த மடக்கு மடக்குறீங்க" என்றார் அவர்.

"உழைக்குமான்னு பாக்க வேணாமா?"

"ஃபாரின் ஐட்டம் சார். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

அதில் ஒன்று மட்டும் என் கேசட்டைச் சரியாகப் பாடியது. தம்புராவின் நான்கு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. இரும்புப் பட்டை, தடித்த வயர், பிளக்கின் கழுத்தில் ஸ்பிரிங். குறை என்று சொல்ல ஒன்றே ஒன்று: மெத்தை ரெக்சின். விரல் பட்டதுமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாங்கினேன். காது கெஞ்சும்போது விரல் என்ன செய்யும்?

அடுத்த கோடையில் அது தன் குணத்தைக் காட்டியது. வியர்வை பட்டுப் பட்டு, கறுப்புச் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டியது. காது மடலுக்குள், கிருதாவில், தலையணை உறையில், ஒருநாள் சோற்றுத் தட்டிலும் கிடந்தது. சொறி பிடித்த நாயைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது. ஷூ தைக்கும் பிரிவில் இருந்த நண்பரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஆம்பூர்ல இருந்துகினு ரெக்சினைக் காதுல மாட்டிக்கினியா? வெளிய சொல்லாதப்பா, பேஜாராப் பூடும்" என்றார்.

எனக்கே மானம் போனது. வெட்டுத் துண்டுகளில் சிறந்ததாக, கண்ணுக்குத் தழும்பே தெரியாத ஆட்டுத்தோல் ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். நண்பர் அதை உறையாகத் தைத்துக் கொடுத்தார். அன்று முகர்ந்தும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தொழிற்சாலைக்குள் யாருடைய மூக்கு உயிரோடு இருக்கிறது?

வீட்டில் குளித்துவிட்டு மாட்டினேன். மெத்தை காதைச் சுற்றிக் கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவரை கேட்டிராத ஒரு கனம் மிருதங்கத்தில் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் வந்தது. இத்தனை வருடம் இதைத்தானே தேடினேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு பாதி தாண்டியிருக்காது. காதுச் சூட்டில் தோல் வெதுவெதுப்பானதும் மீன் எண்ணெய் எழுந்தது. அதன் பின்னாலேயே சுண்ணாம்புக் குழி. எந்த நாற்றத்தை வாசலோடு விட்டுவிட்டு வந்தேனோ, அது இரண்டு கன்னத்திலும் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. பிடுங்கி எறிந்தேன். மறுநாளும் முயன்றேன், அதற்கு மறுநாளும். வெயிலில் காயவைத்தேன், பவுடர் தடவினேன். மிருதங்கம் அருமையாகவே கேட்டது, நாற்றமும் போகவில்லை.

கடைசியில், ரெக்சினே தேவலை என்று பிளேடை எடுத்துக்கொண்டு தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குடியாத்தத்தில் தறி ஓடும் வீட்டில், கஞ்சிப் பசை வாசனையில் வளர்ந்தவள்.

"நல்லாத்தானே தைச்சிருக்கு, ஏன் பிரிக்கிறீங்க?"

"நாத்தம் தாங்கல. குளிச்சிட்டு வந்து நிம்மதியா உட்கார்ந்தா, மூக்குக்குப் பக்கத்துலயே ஃபேக்டரி இருக்குது. ஒரு மணி நேரம்கூட முடியல."

அவள் ஹெட்போனை எடுத்து முகர்ந்தாள். முகம் சுளிக்கவில்லை.

"இது உங்க வாடைதாங்க" என்றாள்.

"நான் தினம் சோப்பு போட்டுக் குளிக்கிறேனே."

"சோப்புக்கெல்லாம் போவாதுங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதேதான்." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. "நீங்க காதுலேர்ந்து கழட்டி வெச்சிட்றீங்க. நான் எங்க கழட்டி வெக்கிறது?"

பிளேடைக் கீழே வைத்தேன். அந்தத் தோல் உறை பல வருடம் உழைத்தது.