இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்ட பாட்டு

அந்த பஸ் டிரைவருக்குப் பாட்டுக் கட்டுகிற பித்து. சாப்பாடு ஆறலாம், பல்லவி ஆறக் கூடாது என்கிற மனுஷன். அவர் மெட்டுக்கு முதன்முதலாக வாய் திறந்தவள் அவர் மனைவிதான். சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தவள். படுக்கையறையில் மைக்கை வைத்துப் பதிவு செய்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள்: "என் குரல் நல்லா வந்தா வெளிய விடுங்க. கெட்டுப்போச்சுன்னா இதுதான் முதலும் கடைசியும்."

பதிவு நன்றாகத்தான் வந்தது. எது தூக்கலாக, எது அடக்கமாகக் கேட்க வேண்டும் என்று சரிக்கட்டும் கடைசி மெருகுதான் பாக்கி.

"அதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. குடுத்துடலாங்க."

"என் புள்ளைக்குத் தலை சீவ எனக்குத் தெரியாதா?"

"சீவுவீங்க. வகிடு கோணலா இருக்கும்."

கேட்கிற ஆளா அவர்? கம்ப்யூட்டரில் தானே உட்கார்ந்து சரிக்கட்டி, பஸ் ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். இன்ஜின் உறுமலில் தாளம் அமுங்கியது, வீட்டுக்குப் போய் அதை ஏற்றினார். அப்போதும் போதவில்லை, இன்னும் ஏற்றினார். "இப்பதாண்ணே ஜோரு" என்று கண்டக்டர் வேறு தூபம் போட்டான்.

அந்தத் தெம்பில் சலவைக் கடையில் போட்டுக் காட்டினார். கண்ணாடிக் கதவு கடகடவென்று ஆடியது. மனைவியின் குரலோ கிணற்றில் விழுந்த வாளி போல எங்கோ அடியில் கேட்டது. அவள் அடுத்த சட்டையை எடுத்துத் தேய்த்தாள், வாய்க்குள் வழக்கமான பாட்டு முணுமுணுப்புகூட இல்லாமல். அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாளே ஒரு சவுண்டு இன்ஜினியரின் படியேறினார். கழுத்தில் ஹெட்போன் மாட்டிய இளம்பெண்.

"எங்க வச்சுக் கேட்டு சரிபண்ணீங்கண்ணே?"

"பஸ்ல."

"நிறுத்தி வச்சா?"

"ஓட்டிக்கிட்டேதான்."

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே பின்னால் உருண்டது. "இன்ஜினோட மல்லுக்கட்டியிருக்கீங்க. மெட்டும் குரலும் தங்கம்ணே. தாளத்தைக் கொஞ்சம் உக்கார வச்சாப் போதும்."

உட்கார வைத்தாள்; குரல் மேலே வந்தது. சரணத்துக்கு முன்னால் கேட்ட மூச்சையும் துடைக்கப் போனாள். அங்கேதான் அவர் பிடித்த பிடியை விடவில்லை. "அது அவ மூச்சும்மா. இருக்கட்டும்." அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். "ஆமாண்ணே, இது இருந்தாத்தான் பாட்டு."

அடுத்த நாள் காலை மனைவி ஏறிய நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்தார்.

"என்னப்பா, வண்டி பழுதா?" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லீங்க, டிரைவர் சம்சாரம் பாடுறாங்க. முடிஞ்சதும் போலாம்" என்றான் கண்டக்டர்.

அவள் கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மூச்சு வந்த இடத்தில் பை மெல்லக் கீழே இறங்கியது. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தரம் போடுப்பா, ஆபீஸ் எங்க ஓடிடப்போகுது" என்றார் பெரியவர்.

அவள் டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்தாள். "அடுத்த மெட்டைப் போடுங்க. தலை சீவுறத மட்டும் அந்தப் பொண்ணுகிட்டயே விட்டுடலாம்."