கிருபாகரன் பெயர் வந்த பக்கம்

படூர் கிருபாகரனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஊருலகமே சேர்ந்து இணையத்தில் இலவசமாக எழுதும் ஒரு மென்பொருளில் அவன் பெயரும் இருக்க வேண்டும். அது இருந்தால் கூப்பிட்டுப் பேசுவதாக நாவலூர் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். இது 2006-இல். அவன் படித்த காலேஜின் பெயருக்கு அங்கே மரியாதை கிடையாது.

அந்த மென்பொருளுக்கு அவன் எழுதி அனுப்பிய திருத்தம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனாலும் அதை நடத்துகிறவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடைப்புக்குறி அடுத்த வரியில் வரக்கூடாதாம், ஓரத்தில் விட்ட இடைவெளி போதாதாம். அட, இதென்ன அநியாயம்! சோறு வெந்திருக்கிறதா என்று பார்க்காமல், தட்டைத் துடைத்தாயா என்றா கேட்பார்கள்? அதையெல்லாம் ஒழுங்கு செய்ய அவர்களே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மறுபடி அனுப்பினான். மறுபடி திரும்பியது.

"புச்சா வர்றவன் எவனும் இந்தப் பேஜாரு படக்கூடாது" என்று சுலபமான கருவி ஒன்றைத் தானே எழுத உட்கார்ந்தான். வீட்டில் இணையம் இல்லை. பிரவுசிங் சென்டர்தான் கதி. அங்கே கடைக்கார முத்துசாமி, "டைம் ஆயிடுச்சு, எந்திரிப்பா" என்று தலைமேல் வந்து நிற்பார். அந்த அவசரத்திலேயே பழகியவன், ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாம் முடிகிற மாதிரி கருவியை அமைத்தான். நீ மாற்றியது எந்த வரி என்று அது கேட்காது. ஃபோல்டரில் இருக்கிற அத்தனையையும் ஒழுங்கு செய்துவிடும். தன்னுடைய சின்ன ஃபோல்டரில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கொடுத்தான். பாவி, அங்கேதான் கோட்டை விட்டான்.

முதலில் அதைப் பயன்படுத்தியவள் சஹானா என்ற கல்லூரிப் பெண். அவள் திருத்தியது இரண்டே வரி. போய்ச் சேர்ந்ததோ, மென்பொருள் முழுக்க வரிக்கு வரி மாற்றம். அதற்குள் அவளுடைய இரண்டு வரியை யார் தேடுவது? நடத்துகிறவர்கள் கொதித்துப்போய் அவளை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தார்கள். "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன் அண்ணா" என்று அவனுக்கு மெயில் போட்டாள்.

மறுநாள் புதியவர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் முதல் வரியே மாறியிருந்தது: "கிருபாகரன் எழுதிய கருவியைப் பயன்படுத்தாதீர்கள்." நாவலூர்க்காரர்கள் அவன் பெயரைத் தேடினால் இனி அதுதான் கண்ணில் படும். செத்தான்.

வீட்டில் அம்மா ஹெலன் வாசலிலேயே மடக்கினாள். "இன்னா நைனா, உம் பேரு வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "எம் புள்ள பேரு ஒலகம் பூரா தெரியுது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அம்மா திரும்பிப் பார்த்ததால் கிருபாகரனும் சொன்னான்.