பித்தம் என்றார்கள்

ஸ்கேன் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. என் வீட்டுக்காரர். அத்தை, அதாவது அவருடைய அம்மா. நான். என் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை.

நாங்கள் எரியோடு ஊர்ப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறோம். மூன்றாம் மாதத்திலிருந்தே சாப்பிட்டால் எதுக்களித்து வாந்தி வந்தது. பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி. அது முதுகில் ஏறி வலது தோளில் நின்றது. பூப்பறித்த வலி என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் மசக்கை வாந்தியைப் பித்தம் என்றுதான் சொல்வார்கள். அத்தை இஞ்சிச் சாறு கொடுத்தார். குடித்தேன். வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் டவுனிலிருந்து பிரியாணி வாங்கி வந்தார். அதையும் தின்றேன். அன்றைக்குக் குனிந்தவள் நிமிர முடியவில்லை. காய்ச்சலும் வந்தது. திண்டுக்கல்லுக்குக் கூட்டிவந்தார்கள்.

"பித்தப்பையில கல்லும்மா" என்றார் டாக்டரம்மா.

அத்தை மகனைப் பார்த்தார். "நான் அப்பவே பித்தம்னு சொன்னேன்ல?"

"ஆமா, இஞ்சியக் குடுத்தே கல்லாக்கிப்புட்ட" என்றார் வீட்டுக்காரர்.

அத்தை சொன்ன பித்தம் வேறு. பித்தப்பை என்பது ஈரலுக்கு அடியில் இருக்கும் சின்னப் பை. கொழுப்பைச் செரிக்கும் பித்தநீர் அதில் தங்கும். கர்ப்பத்தில் ஹார்மோன் (உடம்புக்குள் ஊறும் சுரப்பு) குடலையும் இந்தப் பையையும் தளர்த்திவிடுமாம். பை சரியாகச் சுருங்காது. நீர் தேங்கிக் கல்லாகும்.

"வாய்க்கா ஓடாம நின்னா சேறு கட்டும்ல, அப்புடித்தான்" என்றார் டாக்டரம்மா.

ஊசி போட்டார்கள். எண்ணெய்ப் பண்டத்தை நிறுத்தினேன். வலி மறுபடியும் வந்தது. பை சீழ் பிடித்தால் பிள்ளைக்கும் ஆபத்து, வயிறு பெருக்கும் முன்னே ஆபரேஷன் செய்து பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

"பிள்ள நிக்குமா?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் நிக்கும். உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "எடுங்க."

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் வயிற்றைத் தொட்டேன். நர்ஸ் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்தார். உள்ளே தடதடவென்று சத்தம்.

"ஓடுதுத்தா" என்றார் அத்தை. அழுததும் அவர்தான்.

என்னைப் போல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எல்லா வாந்தியும் மசக்கை இல்லை. வலது விலா வலித்தால், காய்ச்சல் அடித்தால், கண் மஞ்சளித்தால் உடனே காட்டுங்கள்.

முன்பு எனக்கு வயிறு என்றால் ஒன்றுதான். அதற்குள் இத்தனை இருப்பது தெரியாது. இப்போது கொஞ்சமாகத் தின்கிறேன். தின்றதும் செத்த நேரம் உட்கார்ந்து உள்ளே கவனிக்கிறேன். பொழுது ஒரு வேளைச் சோற்றிலிருந்து அடுத்த வேளைக்குப் போகிறது.

மகள் பிறந்துவிட்டாள். கல்லை டப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் வயிற்றிலிருந்து எடுத்தவை: கல் ஏழு, பிள்ளை ஒன்று.