விலை ஏறிய ஆண்டின் கறிவேப்பிலை

கல்லூரியில் நான் விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கற்பித்துவந்த காலம். வெங்காய விலை உச்சத்துக்கு ஏறிய அந்த ஆண்டில், அம்பத்தூர் சந்தையில் எங்களுக்கு வழக்கமாகக் காய் தரும் அம்மாள், இனிக் கொசுறு இல்லை என்று அறிவித்துவிட்டார். என் மனைவியோ பணம் கொடுத்த பின்னும் பையைத் திறந்தபடியே நிற்பாள்.

"இன்னாக்கா, தொறந்துகினே நிக்கிற? விலைவாசி ஏறிப்போச்சு, கறிவேப்பில கெடையாது!"

"ஏறினது உன் வீட்டு மரத்துக்குமா தெரிஞ்சுபோச்சு?"

சிரித்துவிட்டு ஒரு கொத்தைப் போடுவார். அந்த மணம் காலைப் பனியில் எங்களோடு வீடுவரை மிதந்துவரும்.

மார்கழியில் மனைவி இறந்தாள். தை பிறந்ததும் தனியே சென்றேன். விலை இறங்கியிருக்கவில்லை. காய்களை வாங்கிக்கொண்டு பையை மூடினேன்.

"இன்னா சார், மூடிட்ட? அக்கா இருந்தா உட்டிருக்குமா? தொற."

திறந்து பிடித்தேன்.