இருபத்தோராவது எழுத்து

அலுவலகத்தில் அவருக்குக் கெத்து சார் என்று பெயர். சி என்ற கணினி மொழியில், ஒருவர் அடிக்கும் வரியை வாங்க ‘கெட்ஸ்’ என்றொரு கட்டளை இருந்தது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது பார்க்காது, வருவதையெல்லாம் கொட்டிவிடும். மொழியைப் பராமரிப்பவர்களே வெட்கப்பட்டு அதைத் தூக்கிவிட்டார்கள். இவர் மட்டும் எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரில் பழைய ஒன்றை வைத்துக்கொண்டு அதையே எழுதிவந்தார். ‘இது ஆபத்து’ என்று ஒவ்வொரு முறையும் வந்த எச்சரிக்கையை வராமல் செய்தார். அதற்குத் திருத்தம் என்று பெயரும் வைத்தார்.

அவர் எழுதியது ஓர் ஆஸ்பத்திரியின் பதிவு மென்பொருள். முதலில் கேட்பது பிரிவுக்கான எழுத்து: எலும்புக்கு O, மகப்பேறுக்கு M. பிறகு நோயாளியின் பெயர், அதற்கு இருபது இடம். கணினியின் நினைவகத்தில் அந்த இருபதுக்கு அடுத்த இடத்தில்தான் பிரிவு எழுத்து உட்கார்ந்திருந்தது. ஆகவே பெயர் நீண்டால் அதன் மேல் ஏறிக்கொள்ளும்; எந்த டாக்டரைப் பார்ப்பது என்பதை இருபத்தோராவது எழுத்து தீர்மானித்தது.

பதிவு மேசைப் பெண் இரண்டு வருடம் புகார் சொன்னாள்.

“பேரு நீளமா இருந்தா ஆளு வேற டாக்டர்கிட்ட போயிடறாங்க சார்.”

“பேரைச் சுருக்கி அடிம்மா. மென்பொருள் சரியாத்தான் இருக்கு.”

ஒருநாள் காலை மனைவி போன் செய்தாள். மூட்டுவலிக்குப் போன அவளுடைய அம்மாவைப் பிரசவ வார்டில் உட்கார வைத்திருக்கிறார்களாம்.

“தப்பா அடிச்சிருப்பாங்க.”

மாமியார் போனை வாங்கினார். “மாப்பிள்ளை, எத்தனாவது மாசம்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?”

அன்று மதியமே அவர் ‘எஃப்கெட்ஸ்’ போட்டார். அது அளவைக் கேட்டுக்கொண்டு அதற்கு மேல் எடுக்காது. வேலை முடிந்ததென்று காபி குடிக்கப் போனார். சோதனைப் பிரிவுப் பெண் நீளமான பெயர் ஒன்றை அடித்துப் பார்த்தாள். வயது என்ற இடத்தில் பெயரின் வால் வந்து நின்றது.

“மிச்சத்த என்ன சார் பண்ணீங்க?”

“அதான் வெட்டிட்டேனே.”

“வெட்டல சார். வாசல்லயே நிக்குது. அடுத்த கேள்விக்கு உள்ள வந்துடுது.”

வரி முடிந்ததற்கான குறி வந்ததா என்று அவள் பார்க்க வைத்தாள். வராவிட்டால் மிச்சத்தை வாசித்துத் தள்ளிவிட்டு, பெயரை மறுபடி கேட்கச் செய்தாள். இடத்தையும் நூறாக்கினாள். எல்லாம் சேர்ந்து ஆறே வரி. அவர் அதை முறைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு எந்த நோயாளியும் தடம் மாறவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ‘வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதீர்கள்’ என்று நாற்பது நிமிடம் பேசினார். அந்த ஆறு வரியும் திரையில் வந்தது. எழுதியவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் கேட்டார்: “இத்தனை வருஷம் இது இல்லாம எப்படி ஓடுச்சு?”

கெத்து சார் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். “அப்பல்லாம் ஜனங்க சின்னதாப் பேரு வச்சாங்க சார்.”